கூடத்தில் கட்டிப்போட்ட இணையம்

தொலைக்காட்சி இருக்கும் இடத்தில்தான் இணையமும் இருக்க வேண்டும் என்று எந்தச் சாத்திரத்தில் எழுதியிருக்கிறது? புதிதாக இணைய இணைப்புப் பெறும் நம் வீடுகளில் நிகழ்வதைப் பாருங்கள். கேபிள்காரர் வருகிறார். தொலைக்காட்சிக் கம்பி நுழைந்த அதே துளை வழியாக ஒளியிழைக் கம்பியையும் இழுத்து நுழைக்கிறார். செட்-டாப் பாக்ஸுக்குப் பக்கத்தில், பெரும்பாலும் தொலைக்காட்சிப் பெட்டியின் முதுகுக்குப் பின்னால், ரவுட்டரைச் செருகிவிட்டுப் போய்விடுகிறார். எல்லாம் ஓரிடத்தில் அடக்கமாக இருப்பதாக வீட்டாரும் மகிழ்கிறார்கள். இந்த அடக்கத்தைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

அதன் விளைவை 2020இல் கல்லூரிகள் மூடிக்கிடந்த மாதங்களில் ஆசிரியர்களாகிய நாம் காதாரக் கேட்டோம். அகத்திணை நடத்திக்கொண்டிருப்போம், ஒரு மாணவியிடம் கேள்வி கேட்டால், அவள் விடைக்கு முன்பாக நெடுந்தொடரின் மாமியார் பேசுவார். பின்னறைக்குப் போகக் கூடாதா என்றால், அங்கே சிக்னல் வராது என்பாள். அவள் சொன்னது உண்மை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை ஓரளவு தாண்டும். வேகம் மிகுந்த 5 கிகாஹெர்ட்ஸ் அலையோ 9 அங்குலச் செங்கற்சுவர் இரண்டைக் கடப்பதற்குள் களைத்துவிடும். இடையில் ஓர் இரும்பு பீரோ நின்றால் கதை முடிந்தது. ஆகவே படிக்க வேண்டியவள் தொலைக்காட்சியின் காலடிக்கு வந்தாக வேண்டும்.

இது தற்செயலாக நேர்ந்ததன்று. 1975இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோது பெட்டி வைத்திருந்த வீடு ஊருக்கே பொதுக்கூடம். 1993இல் சன் தொலைக்காட்சி வந்தபின் கேபிள் கம்பி தெருத்தெருவாகப் படர்ந்தது. 2006இல் ஆட்சிக்கு வந்த அரசு வண்ணத் தொலைக்காட்சியை இலவசமாக வழங்கியது. 2011இல் வந்த அரசு மாணவர்க்கு மடிக்கணினி வழங்கியது. முன்னதற்கு வீட்டின் தலையாய இடம் கிடைத்தது. பின்னதற்கு ஒரு மூலைகூட ஒதுக்கப்படவில்லை. (புத்தகத்துக்குப் பரணை ஒதுக்கிய சமூகத்திடம் வேறென்ன எதிர்பார்ப்பது?)

கம்பியை நீட்டினால் சிக்னல் குறைந்துவிடும் என்று சில கேபிள்காரர்கள் சொல்வதுண்டு. ஒளியிழையில் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கே இழப்பு அரை டெசிபலை எட்டாது; கூடத்திலிருந்து உள்ளறை வரையிலான பத்து மீட்டரில் என்ன குறைந்துவிடப்போகிறது? மூலைகளில் கம்பியைக் கூர்மையாக மடிக்காமல் வளைத்துக் கொண்டுபோனால் போதும். தொலைக்காட்சிக்கான கோ-ஆக்சியல் கம்பி தனி, இணையத்துக்கான ஒளியிழை தனி என்று வரும் வீடுகளில் இரண்டும் ஓரறையில் கூடியிருக்க எந்தத் தொழில்நுட்பக் காரணமும் கிடையாது. ஒரே ஒளியிழையில் இரண்டும் வரும் வீடுகளிலும், ரவுட்டரை உள்ளே வைத்துவிட்டுத் தொலைக்காட்சிக்கு மட்டும் அங்கிருந்து ஒரு கம்பி இழுக்கலாம். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாதென்றால் கதவுச் சட்டத்தின் மேலாகக் கிளிப் அடித்துக் கொண்டுபோகலாம். ஒற்றை அறை வீட்டுக்கு மட்டும் நம்மிடம் விடை இல்லை. அங்கே சிக்கல் கம்பியில் இல்லை.

நாம் தொலைக்காட்சிக்கு விரோதிகள் அல்லர். நாள் முழுதும் வீட்டில் தனித்திருக்கும் முதியவர்களுக்கு அதுவே துணை என்பதை அறிவோம். அது கூடத்திலேயே இருக்கட்டும். கதவு சாத்தக்கூடிய ஓர் அறைக்குள் ரவுட்டர் போகட்டும் என்பதே நம் கோரிக்கை.

இங்கேதான் உண்மையான எதிர்ப்பு வெளிப்படுகிறது. கேட்டுப் பாருங்கள்: 'பொம்பளைப் பிள்ளை கண் முன்னால் இருக்கட்டும், சார்.' ஆக, ரவுட்டரைக் கூடத்தில் நிறுத்தியிருப்பது கேபிள்காரரின் சோம்பல் மட்டுமன்று. அவர் போட்டுவைத்த இடம் பெற்றோருக்கும் வசதியாய்ப் போயிற்று. மகன் தன் கைப்பேசியின் டேட்டாவோடு மொட்டைமாடிக்குப் போகிறான். அவனை யாரும் கேட்பதில்லை. மகள் மட்டும் விளம்பர இடைவேளைகளில் ஆய்வேடு எழுத வேண்டும். முதுகலையில் நம்மிடம் படிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் எழுதித் தரும் கட்டுரைகளில் பாதியில் அறுந்த வாக்கியங்களைக் கண்டு சிவப்பு மையால் சுழிக்கிறோமே, அந்த வாக்கியம் அறுந்தபோது அந்தக் கூடத்தில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று நாம் என்றாவது கேட்டதுண்டா? கண்காணிப்பு என்ற பெயரில் இந்த வீடுகள் பறிப்பது கவனத்தை. கைப்பேசி எல்லார் கையிலும் வந்தபின் கூடத்து ரவுட்டர் எதையும் காவல் காக்கவில்லை என்பது பெற்றோருக்கும் தெரியும்.

அடுத்தமுறை கேபிள்காரர் வரும்போது பத்து மீட்டர் கம்பி கூடுதலாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். அவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.