எண்ணிக்கையும் எடையும்

மஞ்சளும் மரவள்ளியும் விளையும் கெங்கவல்லி வட்டாரத்தில் மஞ்சளின் அருமையை எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. சமையலிலும் கைவைத்தியத்திலும் அதற்கு என்றும் இடம் உண்டு. ஆனால் அண்மைக் காலமாக மஞ்சளின் சத்தைக் குளிகையில் அடைத்து, அது புற்றுநோயைப் போக்கும் என்றும், உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானிகளே அவ்வாறு எழுதியுள்ளார்கள் என்றும் சொல்லி விற்கின்றனர். மருத்துவமனைச் சிகிச்சையை நிறுத்திவிட்டு இதனை நம்பலாமா என்று கேட்போரும் இருக்கின்றனர். இது உயிர் தொடர்பான வினா. ஆதலின் அந்த ‘உலகப் புகழ்’ எவ்வாறு அளக்கப்படுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

ஆய்வாளர் ஒருவர் தம் முடிவைக் கட்டுரையாக வெளியிடுகிறார். பின்னர் எழுதுவோர் அதனை மேற்கோளாகச் சுட்டுகின்றனர். இம்மேற்கோள்களைத் தொகுத்து அட்டவணையாக்கலாம் என்று 1955-இல் எடுத்துரைத்தவர் அமெரிக்க அறிஞர் யூஜின் கார்ஃபீல்டு. 1964-இல் அத்தகைய அட்டவணையை அவரே வெளியிட்டார். நாளடைவில் அது மனிதரையே அளக்கும் கோலாக மாறிற்று. 2005-இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் ‘எச் குறியீடு’ என ஒன்றை வகுத்தார். ஒருவரின் 50 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 50 முறை சுட்டப்பட்டிருப்பின் அவருடைய குறியீடு 50. பதவியும் நிதியும் இத்தகைய எண்களைப் பார்த்து வழங்கப்படலாயின. இதில் ஒரு குறை உண்டு. ஒரு கட்டுரையை மறுப்பதற்காகச் சுட்டினாலும் எண்ணிக்கை ஏறவே செய்யும்.

பஞ்சாபில் பிறந்த பாரத் அகர்வாலின் வரலாறு இதற்கு ஏற்ற சான்று. 1980-களில், கட்டிகளின் திசுக்களை அழிக்கவல்ல புரதம் ஒன்றைத் தூய்மையாகப் பிரித்தெடுத்த குழுவில் முதன்மைப் பங்கு வகித்தவர் அவர். 1989 முதல் ஹூஸ்டன் நகரின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் பணியாற்றினார். மஞ்சளிலுள்ள குர்குமின் பற்றி அவர் எழுதியவை உலகெங்கும் மிகுதியாகச் சுட்டப்பட்டன. மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் ஆய்வாளர் வரிசையில் அவர் இடம் பெற்றார். ஆயினும் அவருடைய கட்டுரைகளில் உள்ள படங்கள் குறித்து ஐயங்கள் எழுந்தன. விசாரணை நடைபெறுவது 2012-இல் வெளியே தெரிந்தது. 2015 இறுதியில் அவர் ஓய்வு பெற்றார். 2016-இல் ஓர் ஆய்விதழ் அவருடைய 7 கட்டுரைகளை ஒருசேரத் திரும்பப் பெற்றது. பின்னர் இவ்வாறு நீக்கப்பட்டவை மொத்தத்தில் 20-ஐக் கடந்தன.

2017-இல் மருந்து வேதியியல் அறிஞர்கள் சிலர் குர்குமின் ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்தனர். அது குடலில் எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. உடலில் நிலைத்து நிற்பதுமில்லை. மருந்தையும் வெற்றுக் குளிகையையும் இன்னாருக்கு இன்னது என்று எவருக்கும் தெரியாமல் கொடுத்து ஒப்பிடும் கடுமையான சோதனை எதிலும் அது வெற்றி பெற்றதில்லை என அவர்கள் எழுதினர். செறிவூட்டிய மஞ்சள் குளிகைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதும் பதிவாகியுள்ளது. குழம்பில் இடும் மஞ்சளைப் பற்றிய பேச்சன்று இது.

நபிமொழிகளைத் தொகுத்த பெருமக்கள் அறிவிப்பாளர்களை எண்ணியதோடு நிற்கவில்லை. ஒவ்வொருவருடைய வாய்மையையும் நினைவாற்றலையும் எடைபோட்டார்கள் என்பதை நம் பிள்ளைகளும் அறிவர். ஆய்வுக் கட்டுரைகளுக்கும் அத்தகைய எடைபோடுதல் வேண்டும்.

எடையுள்ள ஆய்வுக்கு வெகுதூரம் செல்ல வேண்டாம். திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர்களில், பிரான்சு நாட்டின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த சங்கரநாராயணனும் அம்பிளிக்கை மருத்துவர்களும் இணைந்து ஓர் ஆய்வை நடத்தினர். 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்மை படர்கிறதா என்று பார்த்தனர். வெண்மை கண்டவர்களை மேலும் சோதித்து, தேவைப்பட்டோருக்குச் சிகிச்சையளித்தனர். 31,000-க்கும் மேற்பட்டோர் பரிசோதிக்கப்பட்டனர். முடிவு 2007-இல் ‘லான்செட்’ இதழில் வெளியாயிற்று. பரிசோதனைக்குத் தேர்ந்த ஊர்களில், மற்ற ஊர்களைவிடக் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும் அதனால் நேர்ந்த மரணம் 35 விழுக்காடும் குறைந்திருந்தன. இக்கட்டுரையும் பலரால் சுட்டப்பட்டதே. ஆனால் அதன் மதிப்பு மரணத்தின் வாயிலிருந்து மீண்ட தாய்மார்களிடம் இருக்கிறது.

ஆகவே, எவரேனும் ஒரு மருந்தைப் புகழ்ந்தால் மூன்று வினாக்களைக் கேளுங்கள். சோதனை நடந்தது ஆய்வுக்கூடத்து உயிரணுக்களிலா, மனிதரிடத்திலா? வேறு ஆய்வாளர்கள் செய்து பார்த்தும் அதே முடிவு கிடைத்ததா? அதனால் ஆயுள் நீண்டதா? விடை கிடைக்கும் வரை மருத்துவர் அளிக்கும் சிகிச்சையை நிறுத்த வேண்டாம்.

தாய்மார்களுக்கு இன்னொரு சொல். 30 வயதைக் கடந்த பெண்களுக்கு இந்தக் கருப்பை வாய்ப் பரிசோதனை தமிழகத்து அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெண் செவிலியரே செய்வர். கூச்சத்தால் தள்ளிப்போடாதீர்கள். வீட்டு ஆண்கள் இதற்குத் துணை நிற்பது அவர்தம் கடமை.