பயணிக்கு ஒரு மணி நேரம்... வழிகாட்டிக்கு 1,500 மணி நேரம்!

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகிறவர்கள் மேகம் அருவியில் குளித்துவிட்டு, பெரியார் அருவியைப் பார்த்துவிட்டு, கோமுகி அணையில் படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். எல்லாமே திறந்தவெளி. பாறையிலிருந்து கசியும் ரேடான் வாயு அங்கே காற்றோடு கலந்து கரைந்துவிடும்.

இதே கிழக்குத் தொடர்ச்சி மலையில், வடக்கே ஆந்திராவின் அரக்கு அருகே இருக்கின்றன போரா குகைகள். நந்தியால் மாவட்டத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பேலம் குகைகள் இருக்கின்றன. தமிழ்நாட்டுக் குடும்பங்களும் சுற்றிப் பார்க்கப் போகும் இடங்கள் இவை. இதுபோன்ற குகைகளில் காற்றோட்டம் குறைவு என்பதால், உள்ளே வரும் ரேடான் எளிதில் வெளியேறாது.

ரேடான் என்ன செய்யும்?

எல்லாப் பாறையிலும் சிறிதளவு யுரேனியம் உண்டு. அது படிப்படியாகச் சிதையும்போது உருவாகும் வாயுதான் ரேடான். நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதிலிருந்து பிறக்கும் கதிரியக்கத் துகள்கள் மூச்சோடு போய் நுரையீரலில் ஒட்டிக்கொள்ளும். நுரையீரல் புற்றுநோய்க்கான காரணங்களில் புகைப்பழக்கத்துக்கு அடுத்த முக்கியக் காரணம் ரேடான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். புகைபிடிப்பவருக்கு இந்த ஆபத்து இன்னும் பல மடங்கு.

சுற்றுலாப் பயணி பயப்பட வேண்டுமா? வேண்டாம். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு குகையில் கன மீட்டருக்கு 1,000 பெக்கரல் ரேடான் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரம் சுற்றிப் பார்ப்பவருக்குக் கிடைப்பது மிகச் சிறிய அளவு. ஆனால் தினமும் 6 மணி நேரம், வருடத்துக்கு 250 நாள் உள்ளே இருக்கும் வழிகாட்டி சுவாசிப்பது அதைப்போல 1,500 மடங்கு. சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்குமுறைப்படி, அது வருடத்துக்குச் சுமார் 20 மில்லிசீவர்ட். நம் நாட்டில் கதிரியக்கப் பணியாளர்களுக்கு ஐந்தாண்டுச் சராசரியாக அனுமதிக்கப்படும் உச்ச அளவும் அதுதான்!

மின்விளக்கு பராமரிப்பவர், துப்புரவுப் பணியாளர், காவலர் ஆகியோருக்கும் இதே கணக்குதான்.

அளப்பது எப்படி?

ஒரு சின்ன டப்பா, அதற்குள் ஒரு துண்டு பிளாஸ்டிக் படலம். அவ்வளவுதான் கருவி. மின்சாரம் தேவையில்லை. ஆல்பா துகள்கள் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத தழும்புகளை உண்டாக்கும். சுமார் மூன்று மாதம் கழித்து எடுத்து, காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்தால் தழும்புகள் பெரிதாகும். மைக்ராஸ்கோப்பில் எண்ணினால் சராசரி அளவு தெரிந்துவிடும்.

ஒருமுறை அளந்தால் போதாது. ஸ்லோவேனியாவின் புகழ்பெற்ற போஸ்டோய்னா குகையில், கோடையில் காற்று தேங்கி ரேடான் கூடும். குளிர்காலத்தில் வெளிக்காற்று புகுந்து குறையும். ஒரே குகையில்கூட வாசலருகே ஓர் அளவு, உள்ளறையில் வேறு அளவு. எனவே பல இடங்களில், எல்லாப் பருவத்திலும் அளக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பணியிடத்தின் ஆண்டுச் சராசரி 300 பெக்கரலைத் தாண்டினால் நடவடிக்கை எடுத்தாக வேண்டும்.

அளவு கூடினால் பெரிய மின்விசிறி வைத்துவிடலாமே என்று தோன்றும். குகையில் அது சிக்கல். ஈரம் காய்ந்தால், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சொட்டுச் சொட்டாக வளர்ந்த சுண்ணாம்புத் தொங்கல்களின் வளர்ச்சி கெடும். அதனால் வேலை நேரத்தை மாற்றுவதே சுலபமான வழி. ரேடான் கூடும் மாதங்களில் ஆட்களைச் சுழற்சி முறையில் அனுப்பலாம். ஓய்வறையையும் சாப்பாட்டு இடத்தையும் குகைக்கு வெளியே வைக்கலாம்.

இதற்கெல்லாம் இரண்டு தகவல்கள் தேவை. ஒன்று, குகையில் எவ்வளவு ரேடான் என்ற அளவு. இன்னொன்று, யார் எத்தனை மணி நேரம் உள்ளே இருந்தார் என்ற குறிப்பு. ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தாலும், இரண்டும் அவர் பெயரில் பதிவாகி அவர் கைக்கு வர வேண்டும். நாளை வேறு வேலைக்குப் போனாலும், மருத்துவரிடம் காட்ட அந்தத் தாள் உதவும்.