விலை பேசுவது யார்? விளக்கைக் காப்பது யார்?

மாலை 7 மணி. திருநகரில் வீட்டுக்கு வீடு விளக்கு எரிகிறது. பிள்ளைகள் பாடம் படிக்கிறார்கள். அந்த வெளிச்சத்துக்கும் ஒரு சந்தை உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

மாட்டுத்தாவணியில் மல்லிகைப் பூவுக்கு விலை பேசுகிறார்கள் அல்லவா? அதுபோல மின்சாரத்துக்கும் விலை பேசுகிறார்கள். இந்தியாவில் இந்தச் சந்தை 2008-ம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கியது. ஒரு நாளில் 96 கால் மணி நேரம். ஒவ்வொன்றுக்கும் தனி விலை!

சந்தை தேவைதான். வெயில் நேரத்தில் சூரிய மின்சாரம் மிஞ்சினால், மலிவாக வாங்கலாம். ஆனால் தட்டுப்பாடு வந்தால் விலை ஏறும். 2022 மார்ச் மாதம் ஒரு யூனிட் 20 ரூபாய் வரை போயிற்று. ஏப்ரலில் மத்திய ஒழுங்குமுறை ஆணையம் 12 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தது.

விலையைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. விற்காத பூ மாலை வரை கூடையில் கிடக்கும். மின்சாரம் கம்பியில் காத்துக் கிடக்காது. உற்பத்தியும் செலவும் நொடிக்கு நொடி சமமாக இருக்க வேண்டும். தராசு சாய்ந்தால் இருட்டுத்தான்!

2012-ம் ஆண்டு ஜூலை 30, 31 தேதிகளில் அப்படித்தான் நடந்தது. முக்கியமான மின்பாதைகள் சில வேலை செய்யவில்லை. அந்த நேரத்தில் வட மாநிலங்கள் சில, தங்கள் பங்குக்கு மேல் மின்சாரம் இழுத்தன. "குறையுங்கள்" என்று மின் பளு பகிர்வு மையம் சொல்லியும் போதிய அளவு குறைக்கவில்லை. இரண்டாம் நாள் 60 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி இருண்டது. ரயில்கள் நின்றன.

தெற்கு தப்பியது. வடக்கின் மின்தொகுப்போடு அது அப்போது முழுமையாக இணைந்திருக்கவில்லை. 2013 டிசம்பர் 31-ம் தேதி இணைந்துவிட்டது. இனி வடக்கே நேரும் தவறு திருநகர் விளக்கையும் அணைக்கக்கூடும்.

ஆகையால், மின் பளுவைக் கவனிக்கும் பொறியாளரின் சொல்லுக்கே முதலிடம் வேண்டும். பகிர்வு மையங்கள் மின்சார வியாபாரம் செய்யக்கூடாது என்று 2003-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மத்தியில் இந்த வேலை 2017-ல் தனி அரசு நிறுவனத்தின் பொறுப்புக்கு வந்தது. மாநில மையங்களுக்கும் அதே உரிமை முழுமையாகக் கிடைக்க வேண்டும். அவர் "போதும்" என்றால், எந்த மாநிலமானாலும் கேட்டே ஆகவேண்டும்.

வண்டியில் எவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்று வியாபாரி ஆசைப்படலாம். அச்சு தாங்குமா என்று சொல்ல வேண்டியவர் வண்டிக்காரர்தான்!