கடலை எண்ணுகிற ஆளுக்கு ரெண்டு வருஷம்

மேனாம்பேட்டில் எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். கடல் உயிரியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். கழிமுக நீரில் இருக்கும் மிதவையுயிரிகளை நுண்ணோக்கியில் பார்த்து, வகை பிரித்து, எண்ணுவது அவருடைய வேலை. ரெண்டு வருஷத் திட்டம். திட்டம் முடிந்தது, வேலையும் முடிந்தது. இப்போது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். "கடலைப் படிச்ச பொண்ணுக்கு எஸ்டேட்ல எவன் வேலை தருவான்?" என்று டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. தப்பு வேறு இடத்தில் இருக்கிறது.

மேனாம்பேட்டுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கும், அது நிரம்பினால் ரெட்டேரிக்கும் தண்ணீர் இறங்கும். அம்பத்தூர் கொசஸ்தலையாற்று வடிநிலத்தில் இருக்கிறது. அந்த ஆற்றின் வாசல் எண்ணூர் கழிமுகம். ஏரியில் கலக்கும் கழிவுக்கும் அதே வழிதான். நாம் இங்கே கொட்டுவதை அங்கே இறால் குடிக்கிறது.

அந்த இறாலைப் பற்றி நமக்கு ஏதாவது தெரியும் என்றால், அதற்கு என். கேசவ பணிக்கர் போன்றவர்கள்தான் காரணம். 1937-இல் ஆர். கோபால அய்யரோடு சேர்ந்து சென்னையின் உவர்நீர் உயிரினங்களைப் பற்றி எழுதியவர். பிறகு இங்கிலாந்தின் பிளிமத்தில் இறால்களை ஆராய்ந்தார். வெளியே உப்பு கூடினாலும் குறைந்தாலும் சில இறால்கள் தம் ரத்தத்தின் உப்பை ஓரளவு நிலையாக வைத்துக்கொள்கின்றன என்று காட்டினார். கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே அவை எப்படிப் பிழைக்கின்றன என்பதற்கான விடை அதில் இருந்தது. 1950-களில் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர். அப்புறம் சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தில் இந்தியாவின் பங்கை நடத்தினார். 40-க்கும் மேற்பட்ட கப்பல்கள் கலந்துகொண்ட முயற்சி அது. கப்பல்கள் அள்ளிவந்த மிதவையுயிரிகளைப் பிரித்து எண்ண கொச்சியில் ஒரு மையமே வைத்தார்கள். எங்கள் அக்கா செய்த அதே வேலை.

பயணம் 1965-இல் முடிந்தது. 1966 ஜனவரி 1 அன்று தேசியக் கடலியல் நிறுவனம் பிறந்தது. பணிக்கர் அதன் முதல் இயக்குநர். அன்றைக்குத் திட்டம் முடிந்த இடத்தில் ஒரு நிறுவனம் எழுந்தது. இன்றைக்குத் திட்டம் முடிந்தால் ஆளை வீட்டுக்கு அனுப்புகிறோம்.

காசில்லையா? ஆழ்கடல் திட்டத்துக்கு 2021-இல் ஒப்புக்கொண்ட தொகை 4,077 கோடி ரூபாய். மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்பும் வாகனத்தைப் பள்ளிக்கரணையில் இருக்கும் நிறுவனம்தான் உருவாக்குகிறது. போகட்டும், சந்தோஷம். ஆனால் ஆறடி ஆழக் கழிமுகத்தில் மாதாமாதம் வாளியோடு இறங்குகிற ஆளுக்கு ஏன் நிரந்தர நாற்காலி இல்லை?

"எல்லாருக்கும் நிரந்தர வேலை கொடுத்தா எவனும் வேலை செய்ய மாட்டான்" என்பார்கள். எல்லாருக்கும் கேட்கவில்லை. தொடர்ந்து அளக்க வேண்டிய இடங்களுக்குத் தொடர்ந்து இருக்கும் ஆட்களைக் கேட்கிறேன். கடல் ரெண்டு வருஷத்தில் எதையும் சொல்லிவிடாது. ஒரு வருஷம் மழை அதிகம், ஒரு வருஷம் வறட்சி. எது இயற்கை, எது நம் அழுக்கு என்று பிரிக்கவே பத்திருபது வருஷக் கணக்கு வேண்டும். எண்ணும் கண் மாறினால் கணக்கும் மாறும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. மீனவர்கள் வெறுங்கையால் அள்ளினார்கள். கூழைக்கடாக்களின் இறகில் கறுப்பு ஒட்டியிருந்ததை நாம் எல்லாரும் போனில் பார்த்தோம். இழப்பு எவ்வளவு என்று கேட்டால், முந்தைய வருஷங்களில் அங்கே என்னென்ன இருந்தது என்று எண்ணி வைத்தவர் வேண்டும். அந்த எண் இல்லாவிட்டால் மீனவரின் வார்த்தை வெறும் புலம்பல் ஆகிவிடும். மாசுபடுத்தியவரின் வக்கீலுக்கு அதுவே போதும்.

நம்மையும் விடுவதாக இல்லை. நெய்தல் நிலம் என்று உருகி உருகி எழுதுகிறோம். அதே நெய்தலின் சேற்றில் முழங்கால்வரை நின்று நண்டு வளையை எண்ணுகிறவர் சம்பளத்தைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறோமா?

அக்காவின் அலமாரியில் ரெண்டு வருஷக் கணக்கு ஒரு நோட்டில் இருக்கிறது. அடுத்த பக்கம் காலி. அதை நிரப்பச் சம்பளம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.