கற்பிட்டியில் ஓர் அறை என்ன விலை?

சிட்னியில் வாழும் நண்பர் ஒருவர், வருகிற விடுமுறையில் குடும்பத்தோடு கற்பிட்டிக்குப் போகத் தீர்மானித்திருக்கிறார். "செலவு குறைந்த இடமாக ஒன்று சொல்லுங்கோ அண்ணை. நட்சத்திர ஹோட்டல் வேண்டாம், ஆனால் மட்டமான இடமாகவும் இருக்கக்கூடாது" என்று கேட்டிருந்தார். அந்த 'ஆனால்' என்னை உறுத்திவிட்டது.

இதே மனிதர் முன்னொருமுறை மூன்று நாட்களுக்கு மெல்பேர்ன் போய்வந்த கதையை எனக்குப் பெருமையோடு சொன்னவர். நகர மையத்தில் 2015 முதல் டிராம் இலவசம் என்பதால் அந்த எல்லைக்குள் அறை தேடினாராம். சமையலறை உள்ள விடுதியாகப் பார்த்தாராம். வாகனத் தரிப்பிடத்துக்குத் தனிக் கட்டணமா, பதிவை இரத்துச் செய்தால் காசு திரும்புமா என்று சிறிய எழுத்துக்களைக்கூட விடாமல் படித்தாராம். அங்கே மலிவாகத் தங்குவது கெட்டிக்காரத்தனம். அதே ஆசை கற்பிட்டிக்கு வரும்போது மட்டும் ஏன் சந்தேகத்தோடு வருகிறது? மெல்பேர்னில் மலிவு அறையை நடத்துபவரை அவர் வியாபாரியாகப் பார்க்கிறார். கற்பிட்டியில் நடத்துபவரை ஏழையாகப் பார்க்கிறார். வேறுபாடு இவ்வளவுதான்.

நண்பரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. இந்தப் பார்வையை அரசாங்கமே பல காலமாக வளர்த்து வந்திருக்கிறது.

இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை கற்பிட்டிக்கென வரைந்த பெருந்திட்டத்தைப் பலர் மறந்திருக்கலாம். 2009இல் போர் முடிந்த பின்னர் அது வேகம் பிடித்தது. குடாநாட்டையும் அதனைச் சூழ்ந்த 14 தீவுகளையும் சேர்த்து, 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் உல்லாச விடுதிகள், கோல்ப் மைதானம், உள்ளூர் விமானத்தளம், கேளிக்கைப் பூங்கா என்று வரைபடத்தில் எதற்கும் குறைவிருக்கவில்லை. அந்தத் தீவுகள் வெறும் மணல்திட்டுக்கள் அல்ல. பத்தலங்குண்டிலும் உச்சமுனையிலும் மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன. வலை காய்கிறது, கருவாடு காய்கிறது. கடற்கரைக்குப் போகும் பாதைகளும் படகு ஏற்றும் இடங்களும் கைவிட்டுப் போகின்றன என்று மீனவர் அமைப்புகள் குரல் எழுப்பின. திட்டம் வரைந்தபடி நிறைவேறவில்லை. ஆனால் அதன் அடியில் இருந்த எண்ணம் அப்படியே இருக்கிறது: குறைந்த எண்ணிக்கையில் பணக்காரப் பயணி வரவேண்டும், பை கனமில்லாதவன் வராவிட்டால் நல்லது.

இந்த எண்ணம் கற்பிட்டியோடு நிற்கவில்லை. 2023 ஒக்டோபரில் கொழும்பு நகர விடுதிகளுக்குக் குறைந்தபட்ச அறைக் கட்டணம் என்று ஒன்றை வர்த்தமானி மூலம் விதித்தார்கள். ஐந்து நட்சத்திர விடுதிக்கு அது 100 அமெரிக்க டொலர். அரிசிக்கும் மருந்துக்கும் உச்ச விலை விதிக்கும் அரசைக் கண்டிருக்கிறோம். படுக்கைக்கு அடிமட்ட விலை விதித்து, அதற்குக் கீழே விற்காதே என்ற அரசையும் கண்டோம். அதுவும் நாடு கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்த 2022ஆம் ஆண்டுக்கு அடுத்த வருடத்தில்!

மலிவுப் பயணி செலவழிக்கமாட்டான், குப்பை மட்டும் போட்டுவிட்டுப் போவான் என்பது கொழும்பில் நான் பலமுறை கேட்ட வாதம். அந்த வாதக்காரர்கள் கற்பிட்டியின் நிலத்தையும் பார்க்கவில்லை, காற்றையும் பார்க்கவில்லை.

நிலத்தை முதலில் சொல்கிறேன். ஒரு பக்கம் இந்து சமுத்திரம், மறுபக்கம் புத்தளம் களப்பு. நடுவே கிடக்கும் மணல் நாக்குத்தான் கற்பிட்டிக் குடாநாடு. அந்த மணலுக்கடியில் மழைநீர் தேங்கி, உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. ஆலங்குடாவிலும் ஏத்தாளையிலும் சின்ன வெங்காயமும் மிளகாயும் விளைவது அந்த நீரில்தான். குடிப்பதும் பெரும்பாலும் அதே நீர். தோட்டத்துக்கு இடும் உரத்தின் நைத்திரேற்று அதில் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகவே எச்சரித்து வருகிறார்கள். அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உப்புநீர் மேலேறும். ஏறிய உப்பு இலகுவில் இறங்காது. இந்த நிலத்தில் கோல்ப் புல்லுக்கு நீர் பாய்ச்சுவது பற்றி யோசித்தவர்கள், வாளியில் குளிக்கச் சம்மதிக்கும் பயணியைப் பார்த்து முகம் சுளித்தார்கள். இந்தக் கிணற்றுக்குக் கேடு யாரால்? நீச்சல் தடாகத்தோடு கூடிய விடுதியில் ஓரிரவு தங்குபவராலா, கிணற்றடியோடு கூடிய வீட்டறையில் ஒரு வாரம் தங்குபவராலா?

காற்றின் கணக்கும் அப்படியே. கடல் அமைதியாக இருக்கும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை டொல்பின் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். தென்மேற்குக் காற்று எழும் மே முதல் ஒக்டோபர் வரை, பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் நீரின்மேல் சறுக்கும் கைட்சேர்பிங் இளைஞர்கள் வருகிறார்கள். இந்த இரண்டாம் வகையினரைக் கவனியுங்கள். காற்று வரும்வரை காத்திருப்பதே அவர்கள் விளையாட்டு. ஒரு நாளில் போகமாட்டார்கள். ஒரு வாரம், இரண்டு வாரம் கிடப்பார்கள். அவ்வளவு நாள் தங்குவதென்றால் அறை மலிவாக இருந்தாக வேண்டும். அறையில் மிஞ்சிய காசு ரொட்டிக் கடைக்கும் ஓட்டோக்காரருக்கும் படகுக்காரருக்கும் போகிறது. எல்லாம் உள்ளடக்கிய விடுதியில் இருப்பவருக்கோ வெளியே வர வேண்டிய தேவையே இல்லை. கண்டக்குழியிலும் குடாவவிலும் இன்று காணும் ஓலைக்குடில்களும் சிறு விடுதிகளும் இந்தப் பயணிகளின் காசை நம்பி எழுந்தவை.

விருந்தோம்பலை இந்தக் கரைக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. 1344இல் இபுனு பதூதா கரையிறங்கிய 'பத்தாலா' புத்தளமே என்பது பெரும்பாலோர் ஏற்ற முடிவு. அங்கு அவரை உபசரித்து, பல்லக்கும் வழித்துணையும் கொடுத்துப் பாவாத மலைக்கு அனுப்பிவைத்தவர் ஆரியச் சக்கரவர்த்தி. அது அரச உபசாரம் என்று தள்ளிவிடலாம். தலவில புனித அன்னம்மாள் ஆலயத்தை எப்படித் தள்ளுவது? மார்ச்சிலும் ஆகஸ்டிலும் நடக்கும் பெருவிழாக்களுக்கு இலட்சக்கணக்கில் யாத்திரிகர் வந்து, குடிலிலும் கூடாரத்திலும் சமைத்துச் சாப்பிட்டுத் தங்கிப் போகிறார்கள். அத்தனை பேருக்கும் நீரும் நிழலும் ஒதுங்கிடமும் ஏற்பாடு செய்யும் அனுபவம் இந்தக் கரையில் இருக்கிறது. அதைக் கேட்டுப் படிக்கச் சுற்றுலாத் திட்டக்காரர் எவரும் அங்கே போய் உட்கார்ந்ததாக நான் அறியேன்.

இன்னொன்று, சொல்லக் கடினமானது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் துரத்தப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்குத்தான். உடுத்த உடையோடு வந்த பல்லாயிரம் பேருக்குப் பள்ளிவாசலையும் பாடசாலையையும் தென்னந்தோட்டத்தையும் திறந்துவிட்டவர்கள், தாங்களே வசதியில்லாத கிராமத்தவர்கள். இன்று டொல்பின் பார்க்கப் பயணிகள் போகும் ஆலங்குடாவில் அன்று அகதி முகாம்கள் இருந்தன. நாட்கணக்கில் அல்ல, ஆண்டுக்கணக்கில். யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் வெளிநாடு போய், விடுமுறைக்கு அந்தக் கரைக்கு வரும் நம்மவர்கள், அறைக்குச் சொந்தக்காரரிடம் விலை பேசுமுன் இதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம்.

விலை பேசுவது பற்றியும் சொல்லியாக வேண்டும். பெரிய ஹோட்டல் வரவேற்பு மேசையில் வரியும் சேவைக் கட்டணமும் சேர்த்து நீட்டிய பட்டியலை ஒரு வார்த்தை பேசாமல் கட்டுபவர், வீட்டறை நடத்தும் பெண்ணிடம் ஐந்நூறு ரூபாவுக்கு அரைமணி நேரம் மல்லுக்கட்டுவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். "நாங்களும் இந்த நாட்டுப் பிள்ளைகள்தானே, உள்ளூர் விலை போடுங்கோ" என்பது வழமையான வசனம். வில்பத்து போன்ற தேசியப் பூங்காக்களில் உள்ளூரவருக்கு ஒரு கட்டணமும் வெளிநாட்டவருக்கு டொலரில் இன்னொன்றும் என்பது அரசின் விதி. இரட்டைக் குடியுரிமை பெற்றவர் அடையாள அட்டையைக் காட்டலாம், அது அவருடைய உரிமை. ஆனால் மூன்று அறை வைத்திருக்கும் குடும்பத்திடம் பிறந்த மண்ணைக் காட்டிக் கழிவு கேட்பது எந்த உரிமையில் சேர்த்தி? அந்தப் பெண் உங்களிடம் கேட்டது, நீங்கள் மெல்பேர்னில் மகிழ்ந்து கட்டிய விலையில் ஒரு சிறு பகுதி. இணையத்தளம் மூலம் பதிவு செய்திருந்தால் அதிலும் நூற்றுக்குப் பதினைந்து அளவில் தரகாகப் போய்விடும்.

எனக்கு அறை எழுதச் சொன்னால் இப்படித்தான் எழுதுவேன். கொழும்பிலிருந்தோ நீர்கொழும்பிலிருந்தோ நள்ளிரவில் வான் பிடித்து, விடியலில் டொல்பின் பார்த்து, மத்தியானமே திரும்பும் பயணத்தைக் கைவிடுங்கள். வானுக்குக் கொடுக்கும் காசில் கற்பிட்டியில் இரண்டு இரவு தங்கலாம். புத்தளம் பேருந்தில் வந்தால் பாலாவிச் சந்தியில் இறங்கிக் கற்பிட்டி வண்டி எடுக்கலாம். அறையைத் தொலைபேசியில் நேரே பேசுங்கள். கிணற்று நீரா, குழாய் நீரா, நுளம்பு வலை உண்டா, சாப்பாடு வீட்டில் கிடைக்குமா என்று கேளுங்கள். ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டையையும் பாருங்கள். 'தமிழ் புளூட்டாக்' எழுதிய சைமன் காசிச்செட்டி 1807இல் பிறந்த ஊர் இது என்பதும் தெரிந்திருக்கட்டும். உடப்பும் முன்னேஸ்வரமும் வழியில்தான் இருக்கின்றன.

இனி அரசுக்கு. இந்த நாட்டில் வாடிவீடு என்று ஒன்று இருந்தது. கரைவலைக்காரரின் கடலோரக் குடிலும் வாடிதான். பெருந்தெருவோரத்தில் அரசாங்கம் கட்டிய பயணியர் விடுதியும் வாடிவீடுதான். பிரித்தானியர் காலத்தில் அது முதலில் உத்தியோகத்தருக்கென்றே வந்தது. அவர்கள் இல்லாதபோது வழிப்போக்கருக்கும் கதவு திறந்தது. கட்டணம் நிர்ணயிக்கப்பட்டது, சோறும் கறியும் நிச்சயம். சிலாபத்தில் ஒன்று, புத்தளத்தில் ஒன்று என்று இந்தக் கரையிலும் இருந்தன. 1966இல் இலங்கை ஹோட்டல் கூட்டுத்தாபனம் அமைந்தபோது பல வாடிவீடுகள் அதன் கைக்கு மாறின. பின்னர் மெல்ல மெல்ல, நடுத்தரக் குடும்பமொன்று முன்கூட்டியே செலவைக் கணக்கிட்டுக்கொண்டு புறப்படக்கூடிய அந்த ஏற்பாடே அருகிப்போயிற்று. அதன் இடத்தில் எதையும் வைக்காமல் நேரே கோல்ப் மைதானத்துக்குத் தாவினார்கள்.

அவுஸ்திரேலியா பணக்கார நாடுதான். ஆனாலும் அது மெலிந்த பைக்காரனை விரட்டவில்லை. 1975இலேயே இளைஞர்கள் வேலை செய்துகொண்டே விடுமுறை கழிக்கத் தனி விசா வகுத்தது. அங்கே கடலோரத்தில் கூடாரமும் கரவனும் போடும் பூங்காக்கள் பலவற்றை உள்ளூராட்சிச் சபைகளே நடத்துகின்றன; வருமானம் சபைக்குப் போகிறது. கேரளம் வீட்டில் விருந்தினரை ஏற்கும் குடும்பங்களுக்கு வைரம், பொன், வெள்ளி என்று தரம் பிரித்துச் சான்றிதழ் கொடுக்கிறது. இங்கும் சுற்றுலா அதிகார சபையில் வீட்டுத் தங்கலைப் பதிவு செய்ய வழி உண்டு. ஆனால் பதிவுக்கு நிலத்தின் ஆவணம், கட்டட அனுமதி என்று ஒன்றின் பின் ஒன்றாகக் கேட்பார்கள். பரம்பரையாகக் கரையில் இருந்தும் உறுதி கையில் இல்லாத குடும்பம் எந்தக் காகிதத்தை நீட்டும்? பதிவில்லை என்றால் வங்கிக் கடனில்லை. கடனில்லை என்றால் இரண்டாவது கழிப்பறை கட்ட முடியாது. கழிப்பறை இல்லை என்றவுடன் 'மட்டமான இடம்' என்ற பெயர் வந்துவிடும்.

செய்ய வேண்டியவை பெரிய செலவுக் காரியங்கள் அல்ல. அந்தப் பதிவு மேசையை மாதத்தில் ஒருநாள் கற்பிட்டிக்கே கொண்டுவரலாம். உறுதி இல்லாத குடும்பத்துக்கு, குடியிருப்பை உறுதிப்படுத்தும் கிராம உத்தியோகத்தரின் சான்றை ஏற்கலாம். கழிப்பறையும் கழிவுக்குழியும் கட்ட மட்டும் சிறுகடன் கொடுக்கலாம். கழிவுக்குழி ஒழுங்காக இருந்தால் கிணறும் தப்பும். கற்பிட்டிப் பிரதேச சபை தன் நிலத்தில் ஒரு கூடார மைதானம் அமைத்து, நீரும் ஒதுங்கிடமும் கொடுத்து, கட்டணப் பலகையை மூன்று மொழியிலும் வாசலில் தொங்கவிடலாம். 2018க்குப் பின் ஏழாண்டுகள் கழித்து 2025 மே 6ஆம் திகதிதான் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. சபைக்குப் போனவர்கள் அந்தப் பலகையில் எழுதும் விலையை எனக்கும் அறியத்தந்தால், சிட்னிக்கு அனுப்பிவைப்பேன்.