விற்ற பொருளைப் பறிப்பது நீதியாகுமா?

விலை கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவனுக்கே உரியது என்பது உலகம் ஒப்புக்கொண்ட நியாயம். வீடியோ விளையாட்டுத் தொழிலில் மட்டும் அந்நியாயம் தலைகீழாய் நிற்கின்றது.

பிரெஞ்சு நிறுவனமான யூபிசொஃப்ட், 2014ஆம் ஆண்டில் ‘தி குரூ’ என்னும் காரோட்ட விளையாட்டை வெளியிட்டது. 2024 மார்ச் 31ஆந் திகதி அதன் வழங்கிக் கணினிகளை நிறுத்தியது. காசு கொடுத்தவர் தனித்திருந்து விளையாடவும் வழியற்றுப் போயிற்று.

விற்றது பொருளன்று, உரிமமே என்பது நிறுவனங்களின் வாதம். உரிமமாயின், ‘வாங்குக’ என்று எழுதி விற்றது ஏன்?

உரிமமே விற்கப்படுகின்றதென்பதைத் தெளிவாய் அறிவிக்க வேண்டுமென்று கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் சட்டம் நடைமுறையிலுண்டு. அறிவித்தாற் போதுமா? சொல்லிவிட்டுப் பறித்தாலும் பறிப்புப் பறிப்பே!

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025இல் 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டுப் பரிகாரங் கோரினர். வழங்கிகளை என்றென்றும் நடத்துமாறு அவர்கள் கேட்கவில்லை. கைவிடும்போது, விளையாடத்தக்க நிலையில் விட்டுச் செல்லுங்கள் என்றே கேட்கின்றனர். செலவைக் காட்டி இதனை மறுப்பது பொருந்தாது. விற்பனைக்கு முன்பே முடிவையும் திட்டமிட்டால் அச்செலவு குறையும்.

ஒப்பந்தம் இரு தரப்பையும் கட்டுவது. ஒரு தரப்பே எழுதி, அத்தரப்பே நினைத்தபோது முடிக்கும் ஏட்டினை ஒப்பந்தமென நாம் ஏற்கோம்.