விலை இறங்கும், செலவு இறங்காது

புதிதாக அறுபது இலட்சம் ரூபாய்க்கு விற்ற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகள் ஓடிய பிறகு பதினைந்து இலட்சத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே பணத்துக்கு ஷோரூமில் ஒரு நடுத்தர எஸ்.யு.வி.தான் கிடைக்கும் என்னும்போது, தாழ்ந்த கூரையும் இரண்டே கதவும் கொண்ட அந்த வண்டி யாருடைய மனத்தையும் அசைக்கும். ஆனால் இறங்கியிருப்பது வண்டியின் விலை மட்டுமே. அதன் கிளட்ச், பிரேக் டிஸ்க், ஹெட்லைட், சஸ்பென்ஷன் எல்லாம் இன்றைக்கும் அறுபது இலட்ச ரூபாய் காரின் பாகங்கள்தான். வண்டிக்கு வயது ஏற ஏற அவை அடிக்கடி தேவைப்படும், விலையும் குறையாது. எனவே வாங்கலாமா வேண்டாமா என்பதை விற்பவர் சொல்லும் விலையைப் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. அந்த விலையைக் கொடுத்த பிறகு கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

போர்ஷே நிறுவனம் 1996-இல் அறிமுகப்படுத்திய பாக்ஸ்டர் இதற்கு நல்ல சான்று. உலகெங்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடுகிறவர்களின் பட்டியலில் தவறாமல் இடம்பெறும் வண்டி அது. என்ஜின் நடுவில் அமைந்திருப்பதால் வளைவுகளில் அது திரும்பும் அழகை மெச்சாதவர் இல்லை. ஆனால் 2008 வரை வந்த பாக்ஸ்டர்களின் என்ஜினுக்குள் இன்டர்மீடியட் ஷாஃப்ட் என்று ஒரு தண்டு உண்டு. அதன் ஒரு முனையைத் தாங்கும் பேரிங் உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவுதான். அது தேய்ந்து உடைந்தால் டைமிங் செயின் தடம் மாறும், வால்வுகள் பிஸ்டனில் மோதும், அத்தோடு என்ஜினே போய்விடும். முந்தைய மாடல்களில் அந்தப் பேரிங்கை முன்கூட்டியே மாற்றிவிடலாம் என்றாலும், அதை எட்டவே கியர்பாக்ஸையும் கிளட்சையும் கழற்றியாக வேண்டும். 2001 முதல் 2005 வரையிலான மாடல்களின் உரிமையாளர்கள் அமெரிக்காவில் தொடுத்த வழக்கு 2013-இல் இழப்பீட்டுச் சமரசத்தில் முடிந்தது; 2009 மாடலுக்கு வந்த புதிய என்ஜினில் அந்தத் தண்டே கிடையாது. பெரும்பாலான பாக்ஸ்டர்கள் இந்தக் கோளாறைச் சந்திக்காமலே ஓடுகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும், சந்திக்க நேர்ந்த ஒருவருக்கு வண்டி வாங்கிய விலைக்கு ஈடான செலவு ஒரே நாளில் வந்து நிற்கும். விலை மலிந்து கிடப்பதற்குக் காரணங்களில் இந்த அச்சமும் ஒன்று.

இந்தியாவில் இதன்மேல் வேறு சில கணக்குகளும் ஏறுகின்றன. என்ஜின் தானாகப் பழுதானால் சாதாரண காப்பீடு ஒரு ரூபாயும் தராது. விபத்து நேர்ந்தாலும் பழைய வண்டியின் காப்பீட்டு மதிப்பு குறைவு. பழுதுபார்க்கும் செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழுச் சேதம் என்று கணக்கிடப்படும். முன்பக்க பம்பர், இரண்டு ஹெட்லைட், ரேடியேட்டர் என்று விலையுயர்ந்த காரில் பட்டியல் போட்டால் அந்த எல்லையைத் தொடுவது கடினமல்ல. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கும் டயருக்கும் பாதித் தொகையைத் தேய்மானமாகக் கழித்துவிடுவார்கள். கழிக்காமல் தரும் கூடுதல் காப்பீடு இத்தனை வயதான வண்டிக்குக் கிடைப்பது அரிது. 2025-இல் நம் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தை எட்டிவிட்டது. அதற்கென வடிவமைக்கப்படாத பழைய ரப்பர் குழாய்களையும் சீல்களையும் அது பாதிக்கலாம். அதிலும், வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியின் டேங்கில் ஈரம் சேர்வது தனித் தொல்லை.

டெல்லி வண்டி மலிவு என்று தேடிப் போகிறவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகள் அங்கே ஓடக் கூடாது என்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதிசெய்தது. பின்னர் தளர்வுகள் வந்தாலும், அந்த வயதை நெருங்கும் வண்டிகளைத் தள்ளிவிடும் வழக்கம் அப்போதே வேரூன்றிவிட்டது. அப்படி ஒன்றுக்குத் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கி, இங்கே வரி கட்டி, நம் மாநிலப் பதிவெண் பெற்ற கையோடு 15 ஆண்டுப் பதிவுக்காலம் முடிந்துவிடலாம். இறக்குமதி காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் மட்டுமே 2022 ஏப்ரலில் 40,000 ரூபாயாக உயர்ந்தது.

புதுக் காரும்தானே மதிப்பிழக்கிறது, முதல் உரிமையாளர் சுமந்த நஷ்டத்தில் நமக்கு லாபம்தானே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதினைந்து இலட்சத்துக்கு வாங்கும் புதுக் கார் ஐந்து ஆண்டில் பல இலட்சம் இழக்கும். நன்கு பராமரித்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் அவ்வளவு இழக்காமலும் போகலாம். ஆனால் புதுக் காரின் நஷ்டம் அதை விற்கும் நாளில்தான் கைக்குத் தெரியும், அதுவரை வண்டி ஓடும். பழைய காரின் நஷ்டம் முன்னறிவிப்பின்றி ரொக்கமாகக் கேட்கும். கொடுக்க முடியாவிட்டால் வண்டி நின்றுவிடும். வெளி ஒர்க்‌ஷாப்பில் பாதிச் செலவில் முடியும் என்பதும் பாதி உண்மையே. பிரேக், புஷ், ஆயில் போன்ற வேலைகளுக்கு அது பொருந்தும். கம்ப்யூட்டரில் இணைத்துப் பதிவேற்ற வேண்டிய மின்னணுப் பெட்டிகளுக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

இவற்றைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: ஆசைக்குக் கணக்கு எதற்கு? வண்டி ஓட்டும் இன்பத்தை நான் சிறிதும் குறைத்து மதிக்கவில்லை. அந்த இன்பத்துக்காகவே இதைச் சொல்கிறேன். பழுதுபார்க்கப் பணமின்றி உறைபோட்டு நிறுத்திய கார் யாருக்கும் எந்த இன்பமும் தருவதில்லை. வேகத்தின் சுவைக்குப் பெரிய பெயர் பொறித்த வண்டி தேவையில்லை என்பதைக் கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் 1980-களின் பிற்பகுதியிலேயே காட்டிவிட்டார். மாருதி 800-இன் 796 சிசி என்ஜினைக் கொண்டு அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதி கார்களில்தான் ஒரு தலைமுறை பந்தயம் பழகியது. 2005-இல் ஃபார்முலா 1-இல் ஓட்டிய நரேன் கார்த்திகேயனும் அந்த வண்டிகளில் தொடங்கியவரே. ஓட்டிப் பழகக் கோவை செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரிலேயே பந்தயத் தடம் இருக்கிறது, இருங்காட்டுக்கோட்டையில் இன்னொரு தடமும் இருக்கிறது. எளிய, எடை குறைந்த, பாகங்கள் எங்கும் கிடைக்கும் ஒரு சிறு காரை வாங்கி நல்ல டயர் போட்டு ஓட்டப் பழகுகிறவர், வேகத்தடைக்கு வேகத்தடை அடிப்பாகம் உரசுமோ என்று பயந்து ஊர்கிறவரைவிட அதிகம் அனுபவிப்பார்.

கையில் மிச்சம் இருப்பவர் தாராளமாக வாங்கலாம். காரின் விலையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது தொடாத பணமாகத் தனியே இருக்க வேண்டும். அன்றாடத்துக்கு வேறு வண்டியும் வேண்டும். கடன் வாங்கித்தான் வாங்க முடியும் என்றால் வேண்டாம். பார்க்கப் போகும்போது பளபளப்பில் கண்ணை விடாமல் டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். 1817 என்று பொறித்திருந்தால் அது 2017-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரத்தில் தயாரான டயர். பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், நான்கையும் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசலாம். சர்வீஸ் பில்களைத் தேதிவாரியாகக் கேளுங்கள். பிறகு அந்த மாடலை அறிந்த மெக்கானிக்கை அழைத்துப்போய், உங்கள் செலவிலேயே ஆயில் ஃபில்டரைக் கழற்றி, அதன் மடிப்புக் காகிதத்தை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே தேயும் உலோகம் அங்கே மினுக்கும் துகளாகச் சிக்கியிருக்கும். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால், விலையை இன்னும் ஒரு இலட்சம் குறைத்தாலும் அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள்.